மயாமி மாநாட்டு மண்டபத்தில் 54 கருவிகள்: மனிதச் சந்திப்புகளை அளந்து கம்பியில்லா வலையமைப்பை வடிவமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோபுரமோ வைஃபை ரவுட்டரோ இல்லாமல், கைபேசிகள் அருகருகே வரும்போது மட்டும் செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலையமைப்பை எப்படி வடிவமைப்பது? 2000-களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மனிதர்களை வெறும் புள்ளிகளாகவே வைத்துக் கணக்கிட்டார்கள். ஒரு சதுரப் பரப்பு இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தற்செயலாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும், நேர்கோட்டில் அங்கே போகும், சற்று நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குக் கிளம்பும். கணினியில் ஓட்டிப் பார்க்க இது வசதியான மாதிரி. இதில் எந்த இருவரும் பிரிந்தபின் மறுபடி சந்திக்கும் கால இடைவெளி நீள நீள, அதற்கான வாய்ப்பு எக்ஸ்பொனென்ஷியல் சரிவில், அதாவது மிக வேகமாக, குறைந்துவிடும். சராசரியைப் போலப் பத்து மடங்கு நீளும் பிரிவு அநேகமாக நடக்கவே நடக்காது.

அந்த அனுமானத்தின் மேல் பெரிய முடிவுகள் நின்றன. அனுப்புபவர் முதலில் எதிர்ப்படும் யாரிடமாவது செய்தியைக் கொடுத்துவிட, அந்த ஆள் பெறுநரைச் சந்திக்கும்போது ஒப்படைக்கும் ‘இரண்டு தாவல்’ முறை 2001-இல் முன்வைக்கப்பட்டது. ஆட்கள் நடமாடுவதே வலையமைப்பின் கொள்ளளவை உயர்த்தும் என்று அது காட்டியது. பிரிவுகள் எல்லாம் ஓரளவுக்குள் அடங்கும் என்றால் அந்தக் கணக்கு சரிதான். அடங்குமா என்பதை உண்மையான மனிதர்களிடம் அதுவரை யாரும் போதுமான அளவுக்கு அளந்திருக்கவில்லை.

கைவசம் இருந்த பதிவுகள் பெரும்பாலும் வளாகங்களின் வைஃபை பதிவுகள். ஒரே வைஃபை முனையத்தில் இருவர் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் அவர்கள் ‘சந்தித்தார்கள்’ என்று வைத்துக்கொள்வது வழக்கம். இதில் இரண்டு பக்கமும் பிழை வரும். ஒரே முனையத்தின் இரு கோடியில் இருப்பவர்களின் கருவிகள் ஒன்றையொன்று கேட்காமல் போகலாம். அடுத்தடுத்த அறையில் வெவ்வேறு முனையத்தில் இணைந்தவர்கள் நேரடியாகப் பேசக்கூடிய தூரத்திலேயே இருக்கலாம். அதோடு மடிக்கணினியை மூடி வைத்தால் ஆளே மறைந்துவிட்டதாகப் பதிவாகும்.

2005 மார்ச்சில் மயாமியில் நடந்த இன்ஃபோகாம் என்னும் கணினி வலையமைப்பு ஆய்வு மாநாட்டில் ஓர் ஆய்வுக் குழு இந்தக் குறையை நேரடியாகத் தீர்க்க முனைந்தது. அந்தப் பரிசோதனையும் அதிலிருந்து படிப்படியாக எழுந்த வடிவமைப்பும் இங்கே ஆய்வுக்கு எடுக்கப்படுகின்றன.

களத்துக்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, இருப்பிடத்தை அளப்பதில்லை என்பது. யார் எங்கே இருந்தார் என்பது கடத்தலுக்குத் தேவையில்லை. எந்தக் கருவி எந்தக் கருவியை எப்போது கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டது என்பது மட்டுமே தேவை. இதனால் பதிவும் சிறுத்தது: எதிர்ப்பட்ட கருவியின் புளூடூத் முகவரி, சந்திப்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்ற மூன்று புலங்களே போதும்.

இரண்டாவது, கருவி. ஏஆர்எம் செயலி, புளூடூத் ரேடியோ, ஃபிளாஷ் நினைவகம், ஒரு சிஆர்2 பேட்டரி ஆகியவற்றைக் கொண்ட ஐமோட் என்னும் சிறு பலகை தேர்வானது. கேட்கும் தூரம் சுமார் 30 மீட்டர். பையிலோ பாக்கெட்டிலோ போட்டுக்கொண்டு மறந்துவிடக்கூடிய அளவு அது. ‘மறந்துவிடக்கூடிய’ என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட வேண்டியிருந்தால் முதல் இரவிலேயே பாதிக் கருவிகள் அறையில் தங்கிவிடும்.

மூன்றாவது முடிவு, தேடலின் தாளம். ஒவ்வொரு கருவியும் 2 நிமிடத்துக்கு ஒரு முறை 5 நொடி தேடும். இந்த இரண்டு எண்களும் ஏன் இப்படி என்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்.

பழைய புளூடூத்தில் அருகிலுள்ள கருவிகளைத் தேடுவதற்கு 32 அலைவரிசைகள் உண்டு. அவை 16, 16 ஆக இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு தொகுதியை ஒரு முறை ஓட்டி முடிக்க 10 மில்லி நொடி. அதையே 256 முறை திரும்ப ஓட்ட வேண்டும். ஆக ஒரு தொகுதிக்கு 2.56 நொடி. இரண்டு தொகுதிகளையும் ஒரு சுற்று முடிக்க 5.12 நொடி. முழுத் தேடல் என்று தர அளவு சொல்வது இரு சுற்றுகள், அதாவது 10.24 நொடி. 5 நொடி தேடல் என்பது ஏறக்குறைய ஒரு சுற்று. எல்லாக் கருவியும் ஒவ்வொரு முறையும் அகப்படும் என்ற உறுதி அதில் கிடையாது. ஆனால் தேடல்தான் பேட்டரியை அதிகம் தின்னும் வேலை. நேரத்தை இரட்டிப்பாக்கினால் சில நாள் ஓட வேண்டிய கருவி பாதியிலேயே நின்றுவிடும். நாள் கணக்கில் நீளும் பிரிவுகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்பதால், ஒவ்வொரு தேடலின் முழுமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மொத்தக் கால அளவைக் காப்பாற்றியது சரியான பேரம்.

இன்னொரு சிக்கல். தேடிக்கொண்டிருக்கும் கருவி, மற்றவர் தேடும்போது பதில் சொல்லாது. இரண்டு கருவிகளை ஒரே நேரத்தில் இயக்கி வைத்து இரண்டுக்கும் சரியாக 120 நொடித் தாளம் கொடுத்தால், இரண்டும் ஒரே கணத்தில் தேடி, ஒரே கணத்தில் உறங்கும். ஒரே மேசையில் மூன்று நாள் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காமலே போகும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு உறக்கத்தையும் சில நொடிகள் தற்செயலாக முன்பின் தள்ளினார்கள். தள்ளியபின் ஒரு குறிப்பிட்ட தேடலில் எதிராளியும் தேடலில் இருக்க வாய்ப்பு மிகச் சிறியது. தப்பினாலும் அடுத்த சுற்றில் அகப்படும். இந்த ஒரு வரி நிரலை விட்டுவிட்டால் கிடைக்கும் பதிவு பார்வைக்குக் குறையே இல்லாததுபோல இருக்கும். எந்தச் சந்திப்பு காணாமல் போனது என்பது எங்கேயும் தெரியாது.

நான்காவது, யாரிடம் கொடுப்பது. மாநாட்டின் மாணவர் பட்டறைக்கு வந்தவர்களிடம் கருவிகள் கொடுக்கப்பட்டன. வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு ஆய்வுத் துறையினர். ஆனால் எல்லோரும் அதே நாட்களில் ஒரே நிகழ்வில், பெரும்பாலும் ஒரே விடுதியில் இருந்தார்கள். இணையாகப் பல அமர்வுகள் நடக்கும் மாநாடு அது. எல்லோரும் எப்போதும் ஒரே கூடத்தில் இருப்பதில்லை. கூட்டமும் பிரிவும் இரண்டும் கிடைக்கும் இடம் என்ற வகையில் தேர்வு பொருத்தமானது. அதே சமயம் இது சாதாரண வாழ்க்கையை விடச் சந்திப்புகள் மிகுந்த சூழல் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். இங்கேயே நீண்ட பிரிவுகள் தென்பட்டால் வெளியே அவை இன்னும் கூடுதலாகவே இருக்கும். அந்தப் பக்கம் சாய்ந்த பிழை முடிவைப் பலவீனப்படுத்தாது.

களத்தில் நடந்தது

54 பேர் கருவிகளைப் பெற்றார்கள். 41 கருவிகளில் பயன்படும் தரவு கிடைத்தது. 11 கருவிகள் தற்செயலாக வன்பொருள் மறுதொடக்கம் ஆனதால் பயனற்றுப் போயின. 2 கருவிகள் திரும்பி வரவில்லை.

நான்கில் ஒன்றுக்கு மேல் இழந்தது சின்ன இழப்பு அல்ல. சந்திப்பு என்பது இருவருக்கு இடையிலானது. 54 பேரில் 1,431 இணைகள் உண்டு. 41 பேரில் 820 இணைகள்தான். ஆட்களில் 24 விழுக்காடு போனபோது இணைகளில் 43 விழுக்காடு போய்விட்டது. கருவி எண்ணிக்கையைத் திட்டமிடுகிறவர்கள் ஆட்களை எண்ணாமல் இணைகளை எண்ணித் திட்டமிட வேண்டியதன் காரணம் இது.

இழந்த கருவிகளின் சந்திப்புகள் ஓரளவு மற்றவர் பதிவில் தங்கியிருக்கும். இறந்த கருவியையும் உயிரோடிருந்த வரை மற்றவை கேட்டிருக்கும். ஆனால் ஒரு பக்கச் சாட்சியை மட்டும் வைத்துப் பிரிவின் நீளத்தைக் கணக்கிடக் கூடாது. கருவி எப்போது நின்றது என்று தெரியாத நிலையில், ‘அதற்குப்பின் சந்திக்கவில்லை’ என்பதற்கும் ‘அதற்குப்பின் கருவியே இல்லை’ என்பதற்கும் வித்தியாசம் காண முடியாது. பிரிவின் நீளமே ஆய்வுப் பொருளாக இருக்கும்போது இது நேராக முடிவையே கெடுக்கும். எஞ்சிய 41-ஐ மட்டும் உள்வட்டமாகக் கொண்டது அதனால்தான். அந்த உள்வட்டத்துக்குள் மட்டும் 22,000-க்கும் மேற்பட்ட சந்திப்புகள் பதிவாகியிருந்தன. இதைத் தவிர, அக்கம்பக்கத்தில் புளூடூத் திறந்திருந்த பிறர் கைபேசிகளும் பதிவில் விழுந்தன. அவற்றுக்கு ஒரு பக்கப் பதிவு மட்டுமே உண்டு என்பதால் அவை தனியாக வைக்கப்பட்டன.

தரவில் கண்டது

ஒவ்வோர் இணைக்கும் அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு நடுவே உள்ள பிரிவுகளை எடுத்து, ‘இத்தனை நேரத்தை விட நீண்ட பிரிவுகள் எத்தனை பங்கு’ என்று வரைந்தார்கள். இரு அச்சுகளும் மடக்கை அளவில். எக்ஸ்பொனென்ஷியல் சரிவு என்றால் கோடு ஓர் இடத்தில் செங்குத்தாக விழ வேண்டும். விழவில்லை. நிமிடக் கணக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள் வரை நேர்கோடாகச் சாய்ந்தது. அதாவது அடுக்கு விதி: நேரம் பத்து மடங்காகும்போதெல்லாம் அதைத் தாண்டும் பிரிவுகளின் பங்கு ஒரே விகிதத்தில் குறையும்; எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்ணே அடுக்கு. அதன் அடுக்கு 1-ஐ விடக் குறைவு. பிற இடங்களில் எடுக்கப்பட்ட பதிவுகளிலும் இதே சாயல் இருந்தது.

இந்த வேறுபாட்டை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். அடுக்கு 0.4 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்தைத் தாண்டிய பிரிவுகளில் 40 விழுக்காடு 100 நிமிடத்தையும் தாண்டும். 16 விழுக்காடு 1,000 நிமிடத்தையும், அதாவது 16 மணி 40 நிமிடத்தையும் தாண்டும். மாறாக, சராசரி 30 நிமிடம் கொண்ட எக்ஸ்பொனென்ஷியல் மாதிரியில் 10 நிமிடத்தைத் தாண்டியவற்றில் 5 விழுக்காடுதான் 100-ஐத் தாண்டும். 1,000-ஐத் தாண்டுவது நடைமுறையில் இல்லை. பழைய மாதிரியை நம்பிச் செய்தியின் ஆயுளை இரண்டு மணி நேரம் என்று வைத்தவர், அது சேரும் என்று எதிர்பார்த்திருப்பார். உண்மையான மனிதர்களிடம் பெரும்பகுதிச் செய்திகள் வழியிலேயே காலாவதியாகும்.

சராசரியை ஏன் கைவிட்டார்கள்

இந்தக் கட்டத்தில் எடுத்த முடிவே இந்நிகழ்வின் அச்சாணி. சராசரிப் பிரிவு நேரத்தை வைத்து வடிவமைப்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும்.

இருவர் பத்து முறை பிரிந்து சேர்கிறார்கள் என்று கொள்வோம். ஒன்பது பிரிவுகள் தலா 4 நிமிடம்: தேநீர் இடைவேளையில் கூடத்துக்குள் போய் வருவது. ஒன்று 14 மணி நேரம்: இரவு. சராசரிப் பிரிவு 87.6 நிமிடம். ஆனால் செய்தி எந்த நிமிடத்திலும் உருவாகலாம். மொத்தம் 876 நிமிடப் பிரிவில் 840 நிமிடம் அந்த ஒரே நீண்ட பிரிவுக்குள் இருக்கிறது. ஆகவே 96 விழுக்காடு வாய்ப்பு, செய்தி அந்த நீண்ட பிரிவுக்குள்தான் பிறக்கும். எதிர்பார்க்கும் காத்திருப்பு, பிரிவுகளின் வர்க்கங்களைக் கூட்டி மொத்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 403 நிமிடம். சராசரி ஒன்றரை மணி நேரம் என்று சொன்ன அதே தரவில் உண்மைக் காத்திருப்பு ஆறே முக்கால் மணி நேரம்.

அடுக்கு 1-க்குக் கீழே இருந்து, கோட்டின் வால், அதாவது மிக நீண்ட பிரிவுகளைக் காட்டும் அதன் கடைசிப் பகுதி, முடிவின்றி நீண்டுகொண்டே போகும் என்றால், இந்தக் காத்திருப்புக்கு எல்லையே கிடையாது. யாரைச் சந்தித்தோம் என்ற நினைவை வைத்துக்கொள்ளாமல் கண்மூடித்தனமாகக் கைமாற்றும் எந்த முறையாலும், எத்தனை நகல்கள் எடுத்தாலும், எதிர்பார்க்கும் தாமதத்தை எல்லைக்குள் கொண்டுவர முடியாது என்று அவர்கள் கணிதமாகவே காட்டினார்கள். அடுக்கு 2-க்கு மேல் என்றால் ஒரே நகல் போதும். 1-க்கும் 2-க்கும் நடுவே என்றால் போதிய நகல்கள் எடுத்துச் சமாளிக்கலாம். 1-க்குக் கீழே நகல் எண்ணிக்கை உதவாது. நகலைக் கூட்டுவதற்குப் பதில், யாரிடம் கொடுப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சமூக நடத்தை வடிவமைப்புக்குள் நுழைந்தது இந்தக் கதவு வழியாக.

அடுத்த கட்டம்: குழுவின் பெயரே முகவரி

2006-இல் பார்சிலோனாவில் நடந்த அடுத்த இன்ஃபோகாமில் 78 பேரிடம் கருவிகள் தரப்பட்டன. 20 நிலையான கருவிகளும் வைக்கப்பட்டன. இம்முறை பங்கேற்றவர்களிடம் எந்த நிறுவனம், எந்த நாடு, எந்த ஆய்வுத் துறை என்று கேள்வித்தாளில் கேட்டு வாங்கியிருந்தார்கள். முதல் களத்தில் இந்தத் தகவல் முறையாகத் திரட்டப்படாததால் சந்திப்புகளை உறவுகளோடு பொருத்திப் பார்க்க இயலாமல் இருந்தது.

ஒவ்வோர் இணைக்கும் சந்திப்பின் எண்ணிக்கையை ஓர் அச்சிலும் மொத்த நேரத்தை மற்றோர் அச்சிலும் வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். இரண்டும் மிகுந்தவர்கள் ஒரே குழுவினர். அடிக்கடி பார்த்தும் நேரம் குறைந்தவர்கள் ‘பழகிய முகங்கள்’: தினமும் ஒரே வழியில் எதிர்ப்படுகிறவர்கள். அரிதாகப் பார்த்தாலும் நீண்ட நேரம் சேர்ந்திருப்பவர்கள் நண்பர்கள். இரண்டும் குறைந்தவர்கள் அந்நியர். வலையமைப்புக்கு இந்த நால்வரும் வேறு வேறு வேலைக்கு ஆவார்கள். குழுவினர் கடைசித் தாவலுக்கு நம்பகமானவர்கள். பழகிய முகங்களோடு உள்ள சந்திப்பு சிறிய செய்திக்குப் போதும், பெரிய கோப்புக்குப் போதாது. அக்காலப் புளூடூத்தின் உச்ச வேகம் நொடிக்கு 723 கிலோபிட். 2 நிமிடச் சந்திப்பில் கோட்பாட்டளவிலேயே 11 மெகாபைட்டுக்குள்தான் கடத்த முடியும். இணைப்பு ஏற்படுத்தும் நேரத்தைக் கழித்தால் அதுவும் குறையும்.

முதலில் முயன்ற முறை எளிமையானது. ஒவ்வொரு கருவியும் தன் குழுவின் பெயரைச் சுமக்கும். செய்தியை வைத்திருப்பவர், பெறுநரின் குழுவைச் சேர்ந்த யாரைச் சந்தித்தாலும் அவரிடம் கொடுத்துவிடுவார். மாநாட்டில் இது நன்றாக வேலை செய்தது. எல்லாக் குழுவினரும் ஒரே இடத்தில் கலந்து பழகினார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆண்டு முழுவதும் நூறு கைபேசிகளைக் கொண்டு 2004–05-இல் திரட்டிய பதிவில் இதே முறை தடுமாறியது. காரணம் தெளிவானது. அனுப்புபவர் பெறுநரின் குழுவில் ஒருவரைக்கூடச் சந்திக்காதபோது, செய்தியை இருக்கும் இடத்தைவிட்டு நகர்த்த இந்த முறைக்கு வழியில்லை. அது அனுப்பியவரின் பாக்கெட்டிலேயே கிடந்து காலாவதியாகும்.

எதிர்த் திசையில் இன்னொரு முறை இருந்தது. எப்போதும் தன்னைவிட அதிகம் பேரைச் சந்திக்கும் ஆளிடம் கொடுப்பது. செய்தி வேகமாக நகரும். ஆனால் எல்லோரையும் அறிந்த ஒருவரிடம் போய் நின்றுவிடும். அவரைவிட மேலான ஆள் இல்லாததால் அங்கிருந்து இறங்காது. ஓரத்தில் ஒரு சிறு குழுவில் மட்டும் பழகும் பெறுநருக்கு அது போய்ச் சேராது.

ஏறி இறங்கும் வழி

2008-இல் வெளிவந்த பபிள் ராப் நெறிமுறை இந்த இரண்டு குறைகளையும் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தீர்த்தது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு தர எண்கள்: மொத்த மக்களிடையே எவ்வளவு மையமானது என்ற பொதுத் தரம், தன் குழுவுக்குள் எவ்வளவு மையமானது என்ற உள்தரம். செய்தி முதலில் பொதுத் தரத்தில் தன்னைவிட உயர்ந்தவரிடம் ஏறிக்கொண்டே போகும். பெறுநரின் குழுவைச் சேர்ந்த ஒருவர் எதிர்ப்பட்டதும் அவரிடம் இறங்கும். அதன்பின் பொதுத் தரத்தைப் பார்க்காது. குழுவுக்குள் உள்தரத்தில் உயர்ந்தவரிடம் மட்டும் போகும், பெறுநரைச் சந்திக்கும் வரை. குழுவுக்குள் செய்தி போய்விட்டது என்று தெரிந்தால் வெளியே வைத்திருப்பவர் தன் நகலை அழித்துவிடலாம், நினைவகம் மிச்சமாகும்.

செயல்படுத்தும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

குழுவைக் கண்டுபிடிப்பது. மைய சர்வர் கிடையாது என்பதால் ஒவ்வொரு கருவியும் தானாகவே தன் குழுவை அறிய வேண்டும். யாரோடு மொத்தச் சந்திப்பு நேரம் ஒரு வரம்பைத் தாண்டுகிறதோ அவரைப் ‘பழகியவர்’ பட்டியலில் சேர்க்கும். புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது இருவரும் பட்டியலைப் பரிமாறிக்கொள்வார்கள். எதிராளியின் பழகியவர்களில் குறைந்தது k−1 பேர் ஏற்கெனவே என் குழுவில் இருந்தால் அவரும் என் குழு; k என்பது வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கும் ஓர் எண். k-ஐ 3 என்று வைத்தால் இரண்டு பொது அறிமுகங்கள் போதும். k மிகச் சிறிதானால் எல்லோரும் ஒரே பெரிய குழுவாகிப் பிரிவே அர்த்தமற்றுப் போகும். மிகப் பெரிதானால் பலர் எந்தக் குழுவிலும் சேராமல் தனித்துவிடுவார்கள். நேர வரம்பைக் களத்துக்குக் களம் மாற்ற வேண்டும். மூன்று நாள் மாநாட்டுக்கு வைத்த வரம்பை ஓராண்டுப் பதிவுக்கு வைத்தால் ஊரே பழகியவர்களாகிவிடும்.

மையத்தைக் கணக்கிடுவது. முழு வரைபடத்தையும் வைத்து, மற்றவர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழிகளில் எத்தனை இவர் வழியாகப் போகின்றன என்று எண்ணுவதுதான் சரியான அளவு. அதை ஒரு கருவியால் தனியே செய்ய முடியாது. மொத்தம் எத்தனை பேரைச் சந்தித்தார் என்று கூட்டிப் பார்த்தால், நாட்கள் போகப் போக எல்லோரும் எல்லோரையும் சந்தித்தவர்களாகி வித்தியாசம் கரைந்துவிடும். 6 மணி நேரச் சன்னலில், அதாவது காலத் துண்டில், எத்தனை வெவ்வேறு பேரைச் சந்தித்தார் என்று எண்ணி, கடந்த சன்னல்களின் சராசரியை எடுப்பது உண்மையான மையத்தோடு நன்றாக ஒத்துப்போனது. ஒரு நாளை காலை, பிற்பகல், மாலை, இரவு என்று நான்காக வெட்டுவதுபோல இந்த 6 மணி நேரம் அமைந்துவிடுகிறது. தினசரி ஒழுங்கு வேறாக உள்ள இடத்தில், இரவுப் பணி நடக்கும் ஆலை போன்றவற்றில், இந்த எண்ணை அப்படியே எடுத்து வைக்கக் கூடாது.

சுமை. அதிகம் பேரைச் சந்திக்கும் ஆளின் கருவியிலேயே செய்திகள் குவியும், அவர் பேட்டரியே முதலில் தீரும். பேட்டரி தீர்ந்த மறுகணம் அவரை நம்பி ஏறிய எல்லாச் செய்தியும் நிற்கும். தர எண்ணோடு மீதமுள்ள பேட்டரியையும் நினைவகத்தையும் சேர்த்து எடைபோடுவதும், ஒரு கருவி சுமக்கும் செய்திகளுக்கு உச்ச வரம்பு வைப்பதும் இதற்கு நேரடி மருந்து. வரம்பு வைத்தால் சேரும் விகிதம் சற்றுக் குறையும். அந்தக் குறைவை ஏற்பதே நியாயம். பலரோடு பழகுகிறார் என்பதற்காக ஒருவரின் பேட்டரியை மற்றவர்கள் எல்லோரும் செலவிடுவது, அவர் சம்மதித்த ஏற்பாடு அல்ல.

பதிவுகளை மறுபடி ஓட்டிப் பார்த்ததில், கண்டவர்க்கெல்லாம் நகல் கொடுக்கும் முறைகளுக்கு இணையான விகிதத்தில் செய்திகள் சேர்ந்தன. செலவழிந்த நகல்கள் அவற்றைவிட மிகக் குறைவு.

பின்னால் வந்த திருத்தம்

அடுக்கு விதி பற்றிய முதல் முடிவு அப்படியே நிற்கவில்லை. 2007-இல் வேறொரு குழு இதே பதிவுகளையும் பிறவற்றையும் மறுபடி ஆராய்ந்தது. ஏறக்குறைய அரை நாள் வரை அடுக்கு விதி பொருந்துகிறது. அதற்கப்பால் கோடு எக்ஸ்பொனென்ஷியலாக விழுகிறது என்று கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. மனிதர்கள் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பத் திரும்ப வருகிறவர்கள். பிரிவு எவ்வளவு நீண்டாலும் அந்தச் சுழற்சி அவர்களை மறுபடி சேர்த்துவிடும். ஆகவே எதிர்பார்க்கும் தாமதம் எல்லையற்றது என்ற கடுமையான முடிவு தளர்ந்தது. தாமதம் எல்லைக்குள் வரும். ஆனால் அந்த எல்லை நிமிடங்களில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது.

இது முதல் களத்தின் குறையிலிருந்து எழுந்த பிரச்சினை. சில நாட்களே நடந்த பரிசோதனையில் ஒரு நாளைத் தாண்டிய பிரிவுகள் போதுமான அளவு பதிவாக வாய்ப்பில்லை. பரிசோதனை முடியும்போது முடியாமல் தொங்கிய பிரிவுகள் கணக்கில் வராமல் போகும் அல்லது வெட்டுப்பட்டு வரும். மூன்று நாள் தரவைக் கொண்டு ஒரு நாளுக்கு மேற்பட்ட வாலைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பானது அல்ல. எந்த நீளத்தின் வாலை அறிய வேண்டுமோ, அதைப் போலப் பத்து மடங்கு காலமாவது களம் ஓட வேண்டும் என்பதை நடைமுறை விதியாக வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் செய்தியின் ஆயுளை 12 மணி நேரத்துக்குக் கீழே வைக்கும் வடிவமைப்பாளர் அடுக்கு விதிக்கு உட்பட்ட பகுதியில் இருக்கிறார். ஒன்றிரண்டு நாள் கொடுக்கிறவர் தினசரிச் சுழற்சியின் உதவியைப் பெறுகிறார். ஆயுள் எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது.

இன்று இதையே செய்தால் மாற வேண்டியவை

மறுதொடக்கத்தால் 11 கருவிகள் போனது தடுக்கக்கூடிய இழப்பு. மறுதொடக்கப் பொத்தான் வெளியே தெரியாமல் மூடப்பட வேண்டும். பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு கிடக்கும் பொருள் எல்லாப் பக்கமும் அழுத்தப்படும். பதிவை நினைவகத்தின் முதல் இடத்திலிருந்து தொடங்கும் நிரல் மறுதொடக்கத்தில் பழையதை மேலெழுதிவிடும். ஆகவே ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் கடைசியாக எழுதிய இடத்தைத் தேடி அதற்குப்பின் தொடர வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் வரிசை எண் கொடுத்து அதையும் பதிவிட வேண்டும். நேரத்தை மீட்பதற்கு, சந்திக்கும் கருவிகள் தம் கடிகாரத்தைப் பரிமாறிப் பதிவிட்டால் போதும். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழையுள்ள கடிகாரப் படிகம் ஒரு நாளைக்கு நாலரை நொடிக்குள்தான் விலகும். 2 நிமிடத் தாளத்துக்கு அது பொருட்டல்ல. கெடுப்பது விலகல் இல்லை, மறுதொடக்கத்தில் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போவதுதான்.

ஒரே ஒரு தேடலில் அகப்படாமல் அடுத்ததில் அகப்பட்டதைப் பிரிவாகக் கொள்ளக் கூடாது. உடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். ஆள் திரும்பி உட்கார்ந்தாலே சிக்னல் மறையலாம். தொடர்ந்து இரண்டு தேடல்களில் காணாதபோதே சந்திப்பை முடிக்கும் விதி, பொய்யான குறும்பிரிவுகளை நீக்கும். இந்த வடிகட்டலைப் பகுப்பாய்வின்போது செய்வது நல்லது. கருவியிலேயே செய்துவிட்டால் பிறகு வேறு விதியைச் சோதிக்க முடியாது.

புளூடூத் லோ எனர்ஜி வந்தபின் தேடுவதும் தன்னை அறிவிப்பதும் தனித்தனி வேலைகள். 37, 38, 39 என்ற மூன்று அலைவரிசைகளில் மட்டும் அறிவிப்பதால் கண்டறிவது விரைவு. குறைந்த பேட்டரியில் இன்னும் நெருக்கமான தாளம் வைக்கலாம். ஆனால் முகவரி இப்போது நிலையாக இருப்பதில்லை. தனியுரிமைக்காக அது மாறும். புளூடூத் தர அளவின் இயல்புநிலை 15 நிமிடத்துக்கு ஒரு முறை. 2005-இல் போல, போகிற வருகிற கைபேசிகளின் முகவரியைப் பிடித்து வெளிவட்டத்தை அளப்பது இனி நடக்காது. முகவரியை அடையாளமாகக் கொண்ட பழைய நிரலை அப்படியே ஓட்டினால், ஒரே ஆள் 15 நிமிடத்துக்கு ஒரு புதிய அந்நியராகப் பதிவாவார். பிரிவுகள் எல்லாம் முடிவற்றவையாகத் தெரியும். செயலிக்குள்ளேயே சம்மதம் பெற்ற அடையாள எண்ணைப் பரிமாறுவதே வழி.

சம்மதம் என்பதும் இங்கே தனியாக எழுதப்பட வேண்டிய ஒன்று. யார் யாரை எப்போது சந்தித்தார்கள் என்ற பதிவிலிருந்து பெயரை நீக்கினாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம்: இரவில் யாரோடு ஒரே இடத்தில் தங்குகிறார் என்பதே அடையாளம். பபிள் ராப் போன்ற நெறிமுறைக்குப் பட்டியல் பரிமாற்றம் தேவை. எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் தன் பழகியவர் பட்டியலை வெளிப்படையாகக் காட்டும் கருவியை யாரும் விரும்பிச் சுமக்க மாட்டார்கள். பட்டியலை அப்படியே அனுப்பாமல், ஒவ்வொரு நாளும் மாறும் திறவுகோலால் குலைத்து, பொதுவாக உள்ளவர்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடும் முறையை முதல் நாளிலிருந்தே நெறிமுறைக்குள் வைக்க வேண்டும். k−1 என்ற நிபந்தனைக்கு எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும், பெயர்கள் தேவையில்லை. குழுப் பெயரையும் உள்தரத்தையும் குழுவுக்கு வெளியே அறிவிக்காமல், ‘இந்தப் பெறுநருக்கு உதவ முடியுமா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி அமைத்தால் கடத்தல் விகிதத்தில் இழப்பு ஏதும் இல்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கேள்வி, ஒரு பதில் கூடுதலாகும்; மிகக் குறுகிய சந்திப்பிலும் அதற்கு நேரம் உண்டு.